தினமும் எழுதுவதா, வாரம் நான்கு நாளா, ஞாயிறு மட்டுமா?

வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு நாவலையோ சிறுகதைத் தொகுப்பையோ எழுதி முடிக்க நினைப்பவர் காதில் முதலில் விழும் அறிவுரை, "தினமும் எழுதுங்கள்" என்பது. சிலருக்கு அது பலிக்கிறது. நிறையப் பேருக்கு மூன்றாவது வாரத்தில் அறுந்துபோகிறது. அறுந்த பிறகு அவர்கள் வாரம் மூன்று நாளாகக் குறைத்துக்கொள்வதில்லை, எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள். நல்ல கதைகள் பல இப்படித்தான் நான்காம் அத்தியாயத்தில் நின்றுபோகின்றன. அதனால் எத்தனை நாள் எழுதுவது என்பதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்காமல், எதை எழுதுகிறோம், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, வீட்டில் எந்த நேரம் நம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுநேர வேலையும் குடும்பமும் உள்ளவர் நாவல் எழுதுவதாக இருந்தால், வாரத்தில் நிலையான நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம், எழுதாத நாள் தொடர்ந்து இரண்டைத் தாண்டாத ஏற்பாடு. இதுதான் ஆண்டுக் கணக்கில் தாங்குகிறது. தினமும் எழுதுவது மொழிபெயர்ப்புக்கும் நாட்குறிப்புக்கும் இதைவிட நல்லது. நாவலின் கடைசி மூன்றில் ஒரு பங்கை எழுதும்போதும் நல்லது. ஞாயிறு மட்டும் உட்காருவது சிறுகதையின் முதல் வரைவுக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் பொருந்தும். நாவலுக்கு அது பொருந்தாது.

ஏன் என்று பார்க்கலாம்.

உள்ளே நுழைய ஆகும் நேரம்

எழுத உட்கார்ந்ததற்கும் புதிதாக ஒரு வாக்கியம் விழுவதற்கும் நடுவே ஒரு நேரம் போகிறது. விட்ட இடத்தை வாசிக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எது தெரியும், கதை எந்தக் குரலில் போய்க்கொண்டிருந்தது என்று மனத்துக்குள் திரும்பக் கட்ட வேண்டும். முந்தைய நாள் எழுதியிருந்தால் இதற்கு மூன்று நான்கு நிமிடம் போதும். ஒரு நாள் இடைவெளி என்றால் ஆறேழு நிமிடம். ஒரு வாரம் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல். ஒரு மாதம் ஆகிவிட்டால் அந்த அமர்வு முழுவதும் வாசிப்பதிலேயே போய்விடும், பலர் அன்றைக்கு முதல் அத்தியாயத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். ஆளுக்கு ஆள் இது மாறும், ஆனால் ஏறும் விதம் மாறாது.

ஆண்டனி டிரோலோப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர். விடியற்காலை 5:30க்கு மேசைக்கு வந்துவிடுவார், கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். 1883இல், அவர் இறந்த பிறகு வெளியான தன்வரலாற்றில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். இந்த 250 சொல் கணக்கை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே பகுதியில் அவர் சொல்லும் இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள்: மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி, முந்தைய நாள் எழுதியதை வாசிக்கவே போய்விடும். தினமும் எழுதிய அவ்வளவு பழகிய கைக்கே நுழைவதற்கு அவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

இடைவெளி நீண்டால் நேரம் மட்டும் போவதில்லை, பிரதியிலும் பிசகு விழும். திருநெல்வேலிக்காரத் தாய் மூன்றாம் அத்தியாயத்தில் மகனை "ஏலே" என்று கூப்பிட்டிருப்பாள், இரண்டு வாரம் கழித்து எழுதிய ஐந்தாம் அத்தியாயத்தில் "டேய்" என்பாள். ஒருவருக்கொருவர் "நீங்க" போட்டுப் பேசிய கணவன் மனைவி திடீரென்று "நீ"க்கு மாறியிருப்பார்கள். கதை சொல்லும் காலம் இறந்தகாலத்திலிருந்து நிகழ்காலத்துக்கு வழுக்கியிருக்கும். இவற்றைக் கடைசியில் பிடித்துத் திருத்தலாம்தான். ஆனால் பேச்சு மாறிய இடத்தில் பாத்திரமும் கொஞ்சம் மாறியிருக்கும். ஒரு சொல்லைத் திருத்தினால் அது சரியாகாது.

வாரக் கணக்கு

மூன்று ஏற்பாடுகளை எடுத்துக்கொள்வோம். தினமும் 20 நிமிடம் என்றால் வாரத்துக்கு 140 நிமிடம். நாளுக்கு 4 நிமிடம் நுழைவதற்குப் போனால் மிஞ்சுவது 112. நான்கு நாள் 40 நிமிடம் என்றால் 160. ஒவ்வொன்றிலும் 6 நிமிடம் போனால் 136. ஞாயிறு மூன்று மணி நேரம் என்றால் 180. நுழைய 40 நிமிடம் போனாலும் 140 மிஞ்சும்.

காகிதத்தில் ஞாயிறுதான் வெல்கிறது. ஆனால் நம் ஊர் ஞாயிறு யாருடையது? முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் கல்யாணங்கள் அன்றைக்குத்தான். காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, ஊரிலிருந்து வரும் சித்தப்பா, மாதாந்திர மளிகை, பிள்ளைகளின் திங்கட்கிழமைத் தேர்வு எல்லாம் அந்த ஒரே நாளைத் தேடி வருகின்றன. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் ஒரு ஞாயிறு தவறாமல் காப்பாற்றுகிறவர் குறைவு. ஒரு ஞாயிறு போனால் எழுதாத நாள் தொடர்ந்து 13 ஆகிறது, அடுத்த ஞாயிறு நுழைவதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டு தொடர்ச்சியாகப் போனால் மூன்றாவது ஞாயிறு கோப்பைத் திறக்கவே கை வராது.

இன்னொன்று, மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மணி நேரமும் ஒரே தரத்தில் எழுத வராது. முதல் வரைவில், பழகாத கைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வாக்கியங்கள் தளர்ந்துவிடும். உரையாடல் நீளும், விவரணை சுருங்கும், எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரி பேசத் தொடங்குவார்கள். ஞாயிறுதான் வழி என்றால் காலை 75 நிமிடம், மாலை 60 நிமிடம் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும் ஞாயிறு எழுத்தாளருக்கு வரம். நீண்ட அமர்வுகளை அந்த இரண்டு மாதங்களில் குவித்துக்கொள்ளலாம். ஒரு சிக்கல்: கோயில் பக்கத்தில் வீடு இருந்தால் ஆடியில் மாலையும் மார்கழியில் விடிகாலையும் ஒலிபெருக்கி முழங்கும். மார்கழியில் நீண்ட அமர்வை முற்பகலுக்குத் தள்ளிவிடுங்கள்.

நான்கு நாள் ஏன் தாங்குகிறது

திங்கள், செவ்வாய், வியாழன், சனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு நாளைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருக்கிறது. செவ்வாய் தவறினால் புதன் காலியாக இருக்கிறது. வியாழன் தவறினால் வெள்ளி. சனி தவறினால் ஞாயிறு. திங்கள் தவறினால் மறுநாளே செவ்வாய் வந்துவிடுகிறது. அதாவது எந்த ஒரு நாள் கைவிட்டாலும் எழுதாத நாள் இரண்டைத் தாண்டுவதில்லை. விதி ஒன்றுதான்: தவறிய அமர்வு மறுநாளுக்கு மட்டும் போகும். மறுநாளும் தவறினால் அது கழிந்தது, கடனாகச் சேராது. திங்கள், செவ்வாய் இரண்டும் போய்விட்டால் புதனில் ஒரே ஒரு அமர்வு போதும், இரண்டு வேண்டாம்.

தினமும் எழுதும் திட்டத்தில் தவறிய நாளுக்குப் போக இடமில்லை. மறுநாளுக்கு ஏற்கனவே ஒரு பங்கு இருக்கிறது. 300 சொல் இலக்கு வைத்தவர் ஒரு நாள் தவறினால் மறுநாள் 600 எழுத வேண்டும் என்று நினைப்பார். அது நடக்காது, மூன்றாம் நாள் 900 ஆகும். அலுவலகத்தில் ஒரு வாரம் நெருக்கடி வந்தால் 2,100 சொல் கடன். அந்த எண்ணைப் பார்த்தே பலர் நின்றுவிடுகிறார்கள். தினசரித் திட்டம் உடைகிற இடம் பெரும்பாலும் இதுதான், சோம்பல் என்று சொல்லிக்கொள்வது பின்னால் வரும் பெயர்.

ஒரு அமர்வுக்கு 200 முதல் 350 தமிழ்ச் சொல் முதல் வரைவில் வரும். 250 என்று வைத்தால் வாரத்துக்கு 1,000. நோய், ஊர்ப்பயணம், பண்டிகை என்று ஏழு வாரம் கழித்தாலும் ஆண்டுக்கு 45,000 சொல். டெம்மி அளவில் அச்சிட்டால் ஏறக்குறைய 200 பக்க நாவல் அது.

ஆங்கிலத்தில் சொல்லப்படும் சொல் எண்ணிக்கைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீபன் கிங் புதியவருக்குச் சொல்லும் 1,000 சொல்லும், 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய நாவல் மாத இயக்கம் வைத்த 30 நாளில் 50,000 சொல்லும் (நாளுக்கு 1,667) ஆங்கிலச் சொற்கள். வேற்றுமை உருபும் துணைவினையும் தமிழில் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே செய்திக்கு நமக்கு மூன்றில் இரண்டு பங்கு அளவு சொற்களே வேண்டியிருக்கும். கிங்கின் 1,000 நமக்கு 650, 700. இது தெரியாமல் தமிழில் 1,667 எழுத முயன்று "எனக்கு வேகம் இல்லை" என்று முடிவுகட்டுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

தினமும் எழுத வேண்டியவர்கள்

மொழிபெயர்ப்பாளருக்கு என் பதில் தயக்கமில்லாமல் "தினமும்". அடுத்து என்ன என்ற கேள்வி அங்கே இல்லை, மூலம் கண்முன்னே இருக்கிறது. நுழைய ஆகும் நேரம் மிகக் குறைவு. நாளுக்கு மூலத்தின் ஒரு பக்கம் என்றால் 300 பக்க நூல், தவறிய நாட்களையும் சேர்த்து, ஓராண்டுக்குள் முதல் வரைவு ஆகிவிடும். ஒரே கலைச்சொல்லுக்கு ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒவ்வொரு தமிழ் போடும் பிழையும் தினசரித் தொடர்பால் குறைகிறது. அதோடு சொற்பட்டியல் ஒன்றையும் தனித்தாளில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாட்குறிப்பும் அப்படியே. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இன்றைக்கும் வரலாற்றாசிரியர்களுக்குப் பயன்படுவது, அன்றன்று கேட்டதை அன்றன்றே எழுதியதால். நாட்குறிப்பை வாரத்துக்கு ஒருமுறை சேர்த்து எழுதினால் நினைவுதான் மிஞ்சும், விலைவாசியும் யார் என்ன சொன்னார் என்பதும் போய்விடும். இரவு படுக்குமுன் பத்து நிமிடம், அரைப் பக்கம். அவ்வளவு போதும்.

நாவல் முடிவை நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் மனத்தில் இருக்க வேண்டிய கட்டம் அது. அப்போது நான்கு நாளை ஏழாக ஏற்றலாம், ஆறு வாரத்துக்கு மட்டும் என்று முன்பே தேதி குறித்துக்கொண்டு. வீட்டிலும் அந்தத் தேதியைச் சொல்லிவிட வேண்டும். முடிவு தெரிந்த நெருக்கடியை வீடு பொறுத்துக்கொள்ளும்.

ஜெயமோகன் வெண்முரசை 2014 சனவரி 1 முதல் 2020 சூலை வரை நாள்தோறும் ஒரு பகுதியாக வெளியிட்டதைப் பலர் உதாரணமாகச் சொல்வார்கள். தமிழில் அப்படி ஒன்று நடந்தது பெருமைக்குரியது. ஆனால் தொடங்கும்போதே அவர் கால் நூற்றாண்டாக எழுதிவந்தவர், பெரும் நாவல்களை முடித்தவர். மகாபாரதம் என்ற கதைச் சட்டகம் முன்னால் இருந்தது, மறுநாள் காலை வாசகர் காத்திருந்தார்கள். முதல் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் இருப்பவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அவர் அந்த அளவுகோலால் தன்னை அளக்க வேண்டியதில்லை.

தினமும் சிறிதளவு என்ற யோசனைக்கு ஆதாரமே இல்லையா என்றால், உண்டு. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1980களில் கல்லூரி ஆசிரியர்களிடம் பார்த்து, எப்போதாவது மூச்சுவிடாமல் எழுதுவதைவிடக் குறுகிய தினசரி அமர்வு நல்லது என்று வலியுறுத்தினார். பின்னால் எழுத்து ஆய்வாளர் ஹெலன் சோர்ட் நன்றாக எழுதுகிற 100 கல்வியாளர்களிடம் நேர்காணல் செய்து 2017இல் நூலாக்கினார். வெற்றிகரமாக எழுதும் பலர் தினமும் எழுதுவதில்லை, ஆளுக்கொரு தாளத்தில் எழுதுகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்குப் புரிவது: நீண்ட இடைவெளிக்குப் பிறகு வெறிபிடித்தாற்போல எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். அதற்கு ஏழு நாளும் தேவையில்லை.

அறுந்துவிடக்கூடாது என்ற சங்கிலி

நாட்காட்டியில் எழுதிய நாளெல்லாம் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடும் முறை முதல் இரண்டு வாரம் நன்றாக வேலை செய்யும். 23ஆம் நாள் காய்ச்சல் வரும். குறி விழாது. 24ஆம் நாள் "போனது போகட்டும், ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாக" என்று தோன்றும். தவறவிட்டது ஒரு நாள், இழப்பது ஒரு வாரம்.

2010இல் வெளியான ஓர் ஆய்வுக்காக லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாக ஆவதற்கு நடுவெண்ணாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை விரிந்தது (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிய எண்கள் கணிப்பு). ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை. அவர்கள் பார்த்தது பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி போன்றவற்றை. எழுதுவது அவற்றைவிடச் சிக்கலானது, ஆகவே 66ஐக் கெடுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி 22ஆம் நாள் மனம் உடையவும் வேண்டாம்.

நாட்காட்டி வேண்டுமென்றால் எழுதிய நாளைக் குறிக்காமல் எழுதாத நாட்களை எண்ணுங்கள். ஒன்று, இரண்டு என்று பென்சிலால் எழுதி, மூன்று வராமல் பார்த்துக்கொள்வது. இதில் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் இடம் இருக்கிறது.

அந்த 40 நிமிடத்துக்குள்

எத்தனை நாள் என்பதைவிட, ஒரு அமர்வை எப்படி முடிக்கிறோம் என்பது அடுத்த அமர்வைத் தீர்மானிக்கிறது. முதல் ஐந்து நிமிடம் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிக்க வேண்டும். திருத்தக்கூடாது. கண்ணில் உறுத்தும் வாக்கியத்துக்கு நிறம் மாற்றிவிட்டு நகரலாம். முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினால் அன்றைய அமர்வு முடிந்தது என்று அர்த்தம். முதல் அத்தியாயம் பதினைந்து முறை மெருகேறியும் ஆறாம் அத்தியாயம் பிறக்காமலும் போவது இப்படித்தான்.

அடுத்த 30 நிமிடம் முன்னோக்கி மட்டும். தெரியாத தகவல் வந்தால், உதாரணமாக 1970களில் மதுரையிலிருந்து போடிக்குப் போகும் ரயில் எத்தனை மணிக்கு என்று தெரியாவிட்டால், மூன்று நட்சத்திரக் குறி போட்டு மேலே போங்கள். தேடலாம் என்று உலாவியைத் திறந்தால் ரயில் நேரத்தில் தொடங்கி மீட்டர்கேஜ் எஞ்சின் படங்களில் முடியும். குறி போட்ட இடங்களையெல்லாம் சனிக்கிழமை அமர்வுக்குப் பிறகு ஒரே தவணையில் தேடிக்கொள்ளலாம்.

கடைசி ஐந்து நிமிடம் அடுத்த அமர்வுக்கான குறிப்பு. காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்த வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடு என்பது ஹெமிங்வே சொல்லிவந்த யோசனை, வேலை செய்கிறது. குறிப்பு இப்படி இருக்கலாம்:

"சரசு கதவைத் திறக்கிறாள். மாமனார் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறார். கடன் பத்திரம் அவர் மஞ்சள் பையில். அவளுக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். அவர் முதலில் தண்ணீர் கேட்கட்டும். பத்திரப் பேச்சு இந்தக் காட்சியில் வேண்டாம்."

இதில் நான்கு செய்தி இருக்கிறது: அடுத்த அசைவு, யாருக்கு எது தெரியும், பேச்சு எங்கே தொடங்கும், எதைத் தள்ளிவைக்க வேண்டும். "அடுத்து மாமனார் வருகை" என்று மட்டும் எழுதினால் அது உதவாது. வியாழக்கிழமை அதை வாசிக்கும்போது ஏன் வருகிறார் என்று மறந்திருக்கும்.

எண்ணிக்கையை முதல் வரைவில் மட்டும் பாருங்கள். திருத்தும் நாளில் 400 சொல் வெட்டியவர் நன்றாக வேலை செய்திருக்கிறார். சொல் எண்ணிக்கை அவரைத் தோற்றவராகக் காட்டும். திருத்தத்துக்கு அளவு நேரம் அல்லது பக்கம்: 40 நிமிடத்துக்கு அச்சிட்ட மூன்று நான்கு பக்கம்.

எந்த நேரம், எதில்

விடியற்காலை எழுந்து எழுதுங்கள் என்ற அறிவுரை, காபியையும் பிள்ளைகளின் மதிய டப்பாவையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்குப் பொருந்தும். அடுப்படி யார் பொறுப்போ அவருக்குக் காலை ஐந்து முதல் எட்டு தன்னுடையது கிடையாது. அவருக்கு மதியம் இரண்டு மணியோ, அலுவலக உணவு இடைவேளையில் 25 நிமிடமோ, இரவு பத்துக்கு மேலோதான் நிஜம். நேரத்தைக் கடிகாரத்தில் கட்டுவதைவிட ஏற்கனவே நடக்கும் ஒரு செயலில் கட்டுவது நிலைக்கும்: "மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் மேசைக்கு வருவேன்." எப்போது, எங்கே என்று இவ்வளவு குறிப்பாக முன்பே தீர்மானிப்பது, "எழுத வேண்டும்" என்ற பொது எண்ணத்தைவிடப் பலன் தருவதாக உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின.

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை தினமும் மின்ரயிலில் போகிறவருக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. ஆனால் நின்றுகொண்டு நாவலின் வரைவை எழுத வராது. அந்த நேரத்தை உரையாடல் துணுக்குகளுக்கும் அன்றைய அமர்வின் குறிப்பை வாசிக்கவும் வைத்துக்கொண்டால், வீட்டில் உட்கார்ந்ததும் நுழையும் நேரம் பாதியாகும். கைப்பேசியில் குரலால் தமிழ் எழுதும் வசதி குறிப்புக்கு உதவும். வரைவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: நிறுத்தற்குறிகளை நாமே போட வேண்டும், ல-ள-ழ, ர-ற குழப்பங்களையும் ஒற்றெழுத்துகளையும் திருத்துவதில் மிச்சப்பட்ட நேரம் போய்விடும், வட்டார வழக்கைப் பெரும்பாலும் தப்பாகப் பிடிக்கும்.

கையால் எழுதுவது 40 நிமிடத்துக்கு 200 சொல் அளவில் மெதுவானது. பிறகு தட்டச்சுக்கு இன்னொரு அமர்வு. அந்தத் தட்டச்சு முதல் திருத்தமாகவும் அமைவதால் முழு இழப்பு ஆகாது. தமிழ்99 விசைப்பலகைக்கு மாற விரும்பினால் நாவல் தொடங்குவதற்கு முன் மூன்று வாரம், நாளுக்கு 15 நிமிடம் பழகிவிடுங்கள். எழுதும் நடுவில் மாறினால் விரல் தேடும் நேரத்தில் வாக்கியம் மறந்துவிடும்.

சிறுகதை, கட்டுரை, கெடு

1,500 முதல் 2,500 சொல் வரையான சிறுகதையின் முதல் வரைவை நான்கைந்து துண்டாக வெட்டி எழுதினால் தொனி சிதறும். அதற்கு ஞாயிறு அமர்வு ஒன்றோ இரண்டோ சரியானது. வாரநாள்களில் மூன்று முறை அரை மணி நேரம் திருத்தம். கட்டுரைக்கு வாசிக்கும் நாளையும் எழுதும் நாளையும் பிரிக்க வேண்டும். ஒரே அமர்வில் இரண்டும் செய்தால் வாசிப்பு எப்போதும் எழுத்தைத் தின்றுவிடும், ஏனென்றால் அது சுலபமானது. கவிதைக்கு அட்டவணை போட நான் துணிய மாட்டேன். சட்டைப்பையில் சின்னக் குறிப்பேடு போதும்.

கெடு ஒரு தனி வலிமை. கல்கி பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதியதற்குப் பின்னால் அச்சகம் காத்திருந்தது. அப்படிக் காத்திருக்கும் ஒருவரை நாமும் ஏற்படுத்திக்கொள்ளலாம்: இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குள் 1,500 சொல் அனுப்புவதாக ஒரு நண்பரிடம் ஒப்புக்கொள்வது. அவர் விமர்சிக்க வேண்டாம், வந்து சேர்ந்தது என்று பதில் அனுப்பினால் போதும். விமர்சனம் சேர்ந்தால் நடுவரைவில் பயம் வந்து எழுதியதையே திருப்பித் திருப்பி எழுதத் தொடங்குவோம். சனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வர வேண்டுமென்றால் பிரதி செப்டம்பருக்குள் பதிப்பகத்திடம் இருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள். மெய்ப்பு இரண்டு சுற்று, அட்டை, அச்சு எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கின்றன. கெடுவை மட்டும் நம்பி, இடைப்பட்ட மாதங்களில் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் ஆபத்து. கடைசிப் பத்து நாளில் எழுதிய அத்தியாயங்கள் நூலில் தனியாகத் தெரியும்.

எட்டு வாரம் அளந்து பாருங்கள்

எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தாலும் எட்டு வாரத்துக்கு ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, உட்கார்ந்த நேரம், முதல் புது வாக்கியம் விழுந்த நேரம், சொல் எண்ணிக்கை. பெரும்பாலான அமர்வுகளில் நுழைவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால் வாரத்தில் ஒரு நாள் கூட்டுங்கள். வாரத்தின் கடைசி இரண்டு அமர்வுகளில் எண்ணிக்கை தொடர்ந்து பாதியாகக் குறைகிறது என்றால் ஒரு நாள் குறையுங்கள். நான்கில் ஒன்றுக்கு மேல் தவறுகிறது என்றால் நாட்களின் எண்ணிக்கையைத் தொடாதீர்கள், நேரத்தை மாற்றிப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு வைத்த அமர்வு தவறிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் களைப்பால்தான். அதே நான்கு நாள் மதியத்துக்கு மாறினால் நடக்கும்.

வீட்டில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ எழுதும் பிள்ளை இருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் எந்த அட்டவணையும் நிற்காது. அந்த இரண்டு மாதத்துக்கு வாரம் ஒரு நாள் 20 நிமிடம், எழுதக்கூட வேண்டாம், வாசித்துக் குறிப்பு மட்டும் போதும் என்று முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் எல்லாம் நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால், திரும்பும்போது முதல் அமர்வில் கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசித்து, அடுத்த காட்சிக்கு ஐந்து வரிக் குறிப்பு எழுதிவிட்டு எழுந்துவிடுங்கள். இரண்டாம் அமர்வில் அந்தக் காட்சியிலிருந்து 100 சொல். மூன்றாவதில் 150. பழைய அத்தியாயங்களைத் திருத்தும் ஆசையை இந்த மூன்று அமர்வுகளில் அடக்கிவிட்டால் நான்காவதிலிருந்து பழைய 40 நிமிடத்துக்குத் திரும்பிவிடலாம்.